கணினி கேள்வி–பதில்: ரூட் ஆன பின்னும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ வருவது ஏன்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ (கட்டளை கிடைக்கவில்லை) என்ற ஒரே பிழைச்செய்தியைப் பற்றியே கேட்டிருப்பதால், நீலகிரி வாசகர்கள் அனுப்பியவற்றிலிருந்து ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டு, பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கட்டளைகளையும் கோப்புறைப் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் அதைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். கொழுந்து எடையைப் பதிவு செய்யும் கணினியில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை) உள்ளது. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயனர் கணக்கு தொடங்குவதற்காக பயனரை மாற்றும் ‘எஸ்யு’ கட்டளையைத் தட்டி, ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) கடவுச்சொல்லையும் கொடுத்தேன். டாலர் குறி மறைந்து # குறி வந்தது. ஆனால் ‘யூசர்ஆட்’ என்று தட்டினால் ‘பாஷ்: யூசர்ஆட்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்கிறது. ‘ஆட்யூசர்’, ‘ரீபூட்’ ஆகியவற்றுக்கும் அதே பதில்தான். பார்க்க வந்தவர், கோப்புகள் அழிந்துவிட்டன, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ வேண்டும் என்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தயவுசெய்து எதையும் அழிக்க வேண்டாம். உங்கள் கணினியில் ஒரு கோப்பும் தொலையவில்லை. ‘எஸ்யு’ என்று தட்டிய இடத்தில், ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு சேர்த்து, ‘எஸ்யு -’ என்று தட்டிப் பாருங்கள். அதே கடவுச்சொல்லைக் கேட்கும். கொடுத்தபின் ‘யூசர்ஆட்’ வேலை செய்யும். கோடு மட்டும் ஏன் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை அறிந்துகொண்டால், இந்தப் பிழையின் மற்ற முகங்களும் விளங்கிவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டியதும், அதை வாங்கி இயக்கும் நிரலான பாஷ் என்னும் ஷெல் வன்தட்டு முழுவதையும் தேடுவதில்லை. ‘பாத்’ என்ற பெயருள்ள மாறியில் எழுதப்பட்டிருக்கும் சில கோப்புறைகளை மட்டும், எழுதியிருக்கும் வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போகிறது. முதலில் கிடைப்பதை இயக்குகிறது. பட்டியல் முடியும்வரை கிடைக்காவிட்டால், ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்கிறது. அதன் பொருள், ‘எனக்குச் சொல்லப்பட்ட இடங்களில் இல்லை’ என்பதுதானே தவிர, ‘இந்தக் கணினியிலேயே இல்லை’ என்பதன்று.

உங்கள் தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றிவரும் வண்டியை நினைத்துப் பாருங்கள். எந்தெந்த ஹட்டியில் (சிற்றூரில்) நிற்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் ஒரு சீட்டு இருக்கிறது. சீட்டில் இல்லாத ஹட்டியில் மூட்டை கட்டி வைத்திருந்தாலும் வண்டி அங்கே போகாது. இப்போது ஓட்டுநர் மாறுகிறார். புதியவர் எங்கும் போகும் அதிகாரம் உடையவர். ஆனால் பழைய ஓட்டுநர் வைத்துவிட்டுப் போன சீட்டையே அவரும் பார்த்து ஓட்டினால், அதே ஹட்டிகளுக்குத்தான் வண்டி போகும். கோடில்லாத ‘எஸ்யு’ செய்வது இதைத்தான்: ஆளை மாற்றுகிறது, சீட்டை மாற்றுவதில்லை. ‘எஸ்யு -’ என்பது, ரூட் புதிதாக உள்நுழைந்ததைப் போல அவருக்குரிய சீட்டையும் சேர்த்தே கொடுக்கிறது.

இதை உங்கள் திரையிலேயே பார்க்கலாம். ‘எக்கோ’ என்று தட்டி, இடைவெளி விட்டு, டாலர் குறியை ஒட்டிப் பெரிய எழுத்துகளில் ‘பாத்’ என்று தட்டுங்கள். டெபியனில் சாதாரணப் பயனருக்கு வழக்கமாக வரும் வரி இது: /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யுஎஸ்ஆர்/பின்:/பின்:/யுஎஸ்ஆர்/லோக்கல்/கேம்ஸ்:/யுஎஸ்ஆர்/கேம்ஸ். இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் முக்காற்புள்ளிதான் ஒரு கோப்புறையை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது. வரியைக் கவனமாகப் படித்தால், விளையாட்டுகளுக்கான கோப்புறைகள்கூட அதில் இருப்பதையும், ‘எஸ்பின்’ என்று முடியும் ஒன்றும் இல்லாததையும் காண்பீர்கள். கணினியை நிர்வகிக்கும் நிரல்களான யூசர்ஆட், ஆட்யூசர், யூசர்மாட், எஃப்டிஸ்க், ரீபூட், விசூடோ போன்றவை இருப்பது அந்த ‘எஸ்பின்’ கோப்புறைகளில்தான். # குறி வந்த பிறகும் இந்த வரியில் ‘கேம்ஸ்’ தெரிந்தால், நீங்கள் பழைய சீட்டுடன் ரூட் ஆகியிருக்கிறீர்கள் என்று உடனே முடிவு செய்துவிடலாம். ரூட்டுக்குரிய வரி /யுஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின் என்று தொடங்கும்.

முன்பு இப்படி இருந்ததில்லையே என்று பலர் வியக்கிறார்கள். அவர்கள் நினைவு சரியானதே. 2019 ஜூலையில் வெளிவந்த டெபியன் 10க்கு முந்தைய பதிப்பு வரை, ‘எஸ்யு’ கட்டளை ‘ஷேடோ’ என்ற தொகுப்பிலிருந்து வந்தது. அது கோடில்லாமலும் பாத்தை மாற்றிக் கொடுத்தது. பத்தாம் பதிப்பிலிருந்து ‘யூட்டில்-லினக்ஸ்’ தொகுப்பின் ‘எஸ்யு’ இடம்பெற்றது, அது மாற்றுவதில்லை. நானும் குன்னூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், பதிப்பை உயர்த்திய அன்று மாலையே இந்தப் பிழையைச் சந்தித்தேன். மேம்படுத்தும்போது ஏதோ பாதியில் அறுந்துவிட்டது என்று நம்பி, இரவு முழுவதும் உட்கார்ந்து அடியிலிருந்து நிறுவினேன். விடிந்ததும் கொழுந்து வரத் தொடங்கிவிட, எடை போடுபவர் அன்றைய கணக்கு முழுவதையும் நோட்டில் எழுத வேண்டியதாயிற்று. புதிதாக நிறுவிய கணினியும் அதே பிழையைக் காட்டியபோதுதான், கோளாறு கணினியில் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. உங்களுக்கு அந்த இரவு வரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

அவசரத்துக்கு, முழு முகவரியையும் கொடுத்து /யுஎஸ்ஆர்/எஸ்பின்/யூசர்ஆட் என்று தட்டினாலும் நிரல் இயங்கும். அலுவலகத்தில் எல்லாரும் கோடில்லாமலே தட்டிப் பழகியிருந்தால், /இடிசி/லாகின்.டெஃப்ஸ் கோப்பில், ‘ஆல்வேஸ்_செட்_பாத் யெஸ்’ என்ற வரியைச் சேர்க்கலாம். ‘யெஸ்’ தவிர மற்றவை பெரிய எழுத்துகள். அது பழைய நடத்தையைத் திருப்பித் தரும். ஆயினும் நான் கோட்டையே பரிந்துரைப்பேன். கோடில்லாமல் போகும்போது பாத் மட்டுமல்லாமல், பழைய பயனரின் வேறு பல அமைப்புகளும், நின்றிருந்த கோப்புறையும் கூடவே வந்துவிடுகின்றன. ரூட்டாக வேலை செய்யும்போது அது நல்லதன்று.

கேள்வி: வீட்டில் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ், எங்கள் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் டெபியன் வைத்திருக்கிறேன். வீட்டில் சரியாக இயங்கும் ‘சூடோ’ (ஒரு கட்டளையை ரூட் அதிகாரத்துடன் இயக்கும் நிரல்), நிலையத்தில் ‘சூடோ: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்கிறது. இதற்கும் பாத்தான் காரணமா?
— ஒரு வாசகி, குன்னூர்

பதில்: இல்லை அம்மா, இங்கே நிரலே இல்லாமல் இருக்க வாய்ப்பு மிகுதி. டெபியனை நிறுவும்போது ரூட்டுக்கு ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். அதைக் காலியாக விட்டால், முதல் பயனருக்கு சூடோ உரிமை தரப்படும். கடவுச்சொல் கொடுத்தால், நிர்வாகத்தை ரூட் மூலமாகவே செய்வீர்கள் என்று கொண்டு, முதல் பயனர் சூடோ குழுவில் சேர்க்கப்படுவதில்லை. உபுண்டுவில் நேர்மாறாக ரூட் கணக்கின் கடவுச்சொல் பூட்டப்பட்டே வருகிறது. எல்லாம் சூடோ வழிதான். மேலும், உபுண்டுவில் சாதாரணப் பயனரின் பாத்திலேயே எஸ்பின் கோப்புறைகள் சேர்ந்திருக்கும். உபுண்டுவை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் பாடங்களை டெபியனில் அப்படியே செய்து பார்க்கும் மாணவர்கள் தடுமாறுவது இதனால்தான். நிலையத்தில் பாடம் எடுக்கும்போது இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சரிசெய்ய, ‘எஸ்யு -’ மூலம் ரூட் ஆகி, ‘ஏபிடி இன்ஸ்டால் சூடோ’ என்று நிறுவுங்கள். பிறகு ‘யூசர்மாட் -ஏஜி சூடோ’ என்று தட்டி, இறுதியில் உங்கள் பயனர் பெயரைச் சேருங்கள்; ‘ஏ’ சிறியது, ‘ஜி’ பெரியது. அந்தச் சிறிய ‘ஏ’யை விட்டுவிட்டால், அந்தப் பயனர் ஏற்கெனவே இருந்த மற்றத் துணைக் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டுவிடுவார், அச்சிடும் உரிமை, ஒலி என ஒவ்வொன்றாக நின்றுபோகும். முடிந்ததும் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். அதற்குமுன் புதிய குழு நடைமுறைக்கு வராது.

கேள்வி: ‘எஸ்யு -’ கொடுத்தும் ‘இஃப்கான்ஃபிக்’ மட்டும் கிடைக்கவில்லையே?
— ஒரு வாசகர், அரவங்காடு

பதில்: கணினியின் பிணைய முகவரியைக் காட்டும் அந்தக் கட்டளை ‘நெட்-டூல்ஸ்’ தொகுப்பில் இருக்கிறது, 2017 இல் வந்த டெபியன் 9 முதல், அத்தொகுப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. ‘ஐபி ஏ’ என்று தட்டினால் நீங்கள் தேடும் முகவரி கிடைக்கும். பழைய கட்டளைதான் வேண்டுமென்றால் அத்தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம்.

கேள்வி: காய்கறி மண்டியில் அன்றாட விலைப்பட்டியலை அச்சிட, ஒரு சிறு நிரல் எழுதி, என் முகப்புக் கோப்புறைக்குள் ‘பின்’ என்ற கோப்புறையில் வைத்திருக்கிறேன். நேரடியாகத் தட்டினால் இயங்குகிறது. அச்சுப்பொறி அமைப்பையும் அது மாற்ற வேண்டியிருப்பதால் சூடோ சேர்த்துத் தட்டினால், கமாண்ட் நாட் ஃபவுண்ட். அதிகாரம் கூடியபின் ஏன் கண் தெரியாமல் போகிறது?
— ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: சூடோ உங்கள் பாத்தை வேண்டுமென்றே ஒதுக்கிவைக்கிறது. /இடிசி/சூடோயர்ஸ் கோப்பில் ‘செக்யூர்_பாத்’ என்று ஒரு வரி இருக்கும். சூடோ தேடுவது அதில் உள்ள கோப்புறைகளில் மட்டுமே. உங்கள் முகப்புக் கோப்புறை அதில் இல்லை, இருக்கவும் கூடாது. காரணம் எளியது. முகப்புக் கோப்புறையில் உங்கள் பெயரில் இயங்கும் எந்த நிரலும் எழுத முடியும். ஏதோ ஒரு தீய நிரல் அங்கே ‘எல்எஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரூட்டின் தேடல் அங்கே போகுமானால், நீங்கள் கோப்புகளின் பட்டியலைப் பார்க்க நினைத்துத் தட்டிய இரண்டு எழுத்துகள் முழுக் கணினியையும் அதன் கையில் கொடுத்துவிடும். நிற்கும் கோப்புறையிலேயே இருக்கும் நிரலை இயக்கக்கூட, முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போடச் சொல்வது இந்தக் காப்புக்காகத்தான்.

எனவே, வரியை மாற்றாமல் நிரலை இடம் மாற்றுங்கள். அது இருக்கும் கோப்புறைக்குள் நின்றுகொண்டு, ‘சூடோ இன்ஸ்டால்’ என்பதை அடுத்து நிரலின் பெயரையும், /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் என்ற முகவரியையும் தட்டினால் போதும். நிரலின் படி ஒன்று ரூட்டுக்குச் சொந்தமாகவும், எல்லாரும் இயக்கத்தக்கதாகவும், ஆனால் மற்றவர் திருத்த முடியாததாகவும் அங்கே சேரும். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த இடம் செக்யூர்_பாத்தில் உண்டு. சென்ட்ஓஎஸ் 7 போன்ற வேறு லினக்ஸ் வகைகளில் இல்லை என்பதால், அவற்றில் முழு முகவரியையும் தட்டுங்கள். சூடோயர்ஸ் கோப்பைத் திருத்தியே தீர வேண்டிய நிலை வந்தால், விசூடோ மூலமாக மட்டும் திருத்துங்கள். அது பிழை இருக்கிறதா என்று பார்த்த பின்பே சேமிக்கும். வேறு வழியில் திறந்து ஓர் எழுத்தைத் தவறவிட்டாலும், சூடோ முற்றிலும் இயங்காமல் நின்றுவிடலாம்.

கேள்வி: ‘சூடோ சிடி’ என்று ஒரு பூட்டிய கோப்புறைக்குள் போக முயன்றால் ‘சூடோ: சிடி: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ வருகிறது. ‘சிடி’கூடவா இல்லை? நான் வைத்திருக்கும் சுருக்கப் பெயர்களும் சூடோவுடன் இயங்குவதில்லை.
— ஒரு கல்லூரி மாணவி, உதகமண்டலம்

பதில்: ‘சிடி’ ஒரு தனி நிரல் அன்று; ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் திறன். சூடோ கோப்பாக உள்ள நிரல்களையே தேடி இயக்குகிறது. அப்படி ஒரு கோப்பு இருந்து அது இயங்கினாலும், தன் இருப்பிடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு முடிந்துவிடுமே தவிர, நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். ‘சூடோ -ஐ’ என்று தட்டி ரூட்டின் ஷெல்லுக்குள் போய், அங்கே ‘சிடி’ செய்யுங்கள். வேலை முடிந்ததும் ‘எக்ஸிட்’ தட்டி வெளியே வந்துவிடுங்கள். சுருக்கப் பெயர்களும் உங்கள் ஷெல்லுக்கு மட்டுமே தெரிந்தவை. ‘ஏலியஸ் சூடோ=’ என்று தட்டி, ஒற்றை மேற்கோளுக்குள் ‘சூடோ’ என்று எழுதி, மூடும் மேற்கோளுக்கு முன் ஓர் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளி இருந்தால், அடுத்து வரும் சொல்லும் சுருக்கப் பெயரா என்று ஷெல் பார்க்கும். ஒரு கட்டளை எந்த வகை என்று ஐயம் வரும்போதெல்லாம், ‘டைப்’ என்று தட்டி அதன் பெயரைக் கொடுத்தால், ஷெல்லுக்குள் இருப்பதா, சுருக்கப் பெயரா, கோப்பா என்று சொல்லிவிடும்.

கேள்வி: நூலகம் ஒன்றின் கணினியில் இரவு 11 மணிக்குப் பென் டிரைவில் நகல் எடுக்க, ரூட்டின் கிரான் அட்டவணையில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் அட்டவணை) ஒரு ஸ்கிரிப்ட் சேர்த்தேன். ரூட்டாக நானே இயக்கினால் ஒரு குறையும் இல்லை. இரவில் மட்டும் நகல் எடுக்கப்படுவதில்லை. பென் டிரைவை அடையாளம் காண ‘பிஎல்கேஐடி’ பயன்படுத்துகிறேன்.
— ஒரு வாசகர், கூடலூர்

பதில்: காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். டெபியனில் கிரான் அட்டவணை இயல்பாக /யுஎஸ்ஆர்/பின், /பின் ஆகிய இரண்டில் மட்டுமே தேடும். ரூட்டின் அட்டவணையாக இருந்தாலும் அப்படித்தான். பிஎல்கேஐடி இருப்பது எஸ்பினில். நீங்கள் உள்நுழைந்து இயக்கும்போது உங்கள் பாத் கூடவே இருக்கிறது. இரவில் நீங்கள் இல்லை, அதுவும் இல்லை.

ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே, பெரிய எழுத்துகளில் ‘பாத்’ எழுதி, சமக்குறி இட்டு, /யுஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்:/யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யுஎஸ்ஆர்/எஸ்பின்:/யுஎஸ்ஆர்/பின்:/எஸ்பின்:/பின் என்று முழுமையாக எழுதிவிடுங்கள். கிரான் அட்டவணையின் மேல்வரியிலும் எழுதலாம். ஆனால் அங்கே டாலர் குறியிட்டுப் பழைய பாத்தோடு சேர்க்க முயலாதீர்கள். அட்டவணை அதை விரிக்காமல் வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். அட்டவணை வரியின் இறுதியில் >> /வார்/லாக்/நகல்.லாக் 2>&1 என்று சேர்த்துவிட்டால், பிழைச்செய்தி அந்தக் கோப்பில் பதிவாகும்; காலையில் திறந்து பார்க்கலாம்.

இரவு 11 மணிவரை காத்திராமலே சோதிக்கவும் வழி உண்டு. ‘என்வ் -ஐ’ என்று தட்டி, இடைவெளி விட்டு, பாத்=/யுஎஸ்ஆர்/பின்:/பின் என்று (‘பாத்’ பெரிய எழுத்துகளில்) எழுதி, மீண்டும் இடைவெளி விட்டு, ஸ்கிரிப்டின் முழு முகவரியைக் கொடுங்கள். கிரான் காணும் வெறுமையான சூழலில் அது இயங்கும். இரவில் வரும் பிழை பகலிலேயே உங்கள் கண்முன் வந்துவிடும். நூல் பதிவேட்டுக்கு வேறு நகல் இல்லாத நிலையில், இந்தச் சோதனையைச் செய்யாமல் அட்டவணையை நம்பியிருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: இணையத்தில் பார்த்து, ரூட்டின் ‘.பாஷ்ஆர்சி’ கோப்பில் பாத் வரியைச் சேர்த்தேன். முதலில் ‘பாத்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றது. திருத்தி எழுதியபின், ‘எல்எஸ்’, ‘நானோ’, ‘கேட்’ எதுவுமே கிடைக்கவில்லை. கோப்பைத் திறந்து திருத்தவும் முடியவில்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகர், மஞ்சூர்

பதில்: அந்தச் சாளரத்தை மூடிவிடாதீர்கள், அதிலிருந்தே மீளலாம். முதலில் நேர்ந்தது, சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விட்டதால்தான். இடைவெளி இருந்தால், ‘பாத்’ என்பதையே ஒரு கட்டளையின் பெயராக ஷெல் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது முறை இடைவெளியை நீக்கியிருப்பீர்கள். ஆனால் புதிய கோப்புறையை மட்டும் எழுதி, டாலர் குறியுடன் பழைய பாத்தைச் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள். சீட்டில் ஒரு பெயரைக் கூட்டுவதற்குப் பதிலாக, பழைய சீட்டைக் கிழித்துவிட்டு ஒரே பெயர் எழுதிய சீட்டைக் கொடுத்ததாக ஆகிவிட்டது.

ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் ‘எக்கோ’, ‘சிடி’, ‘எக்ஸ்போர்ட்’ ஆகியவை இப்போதும் இயங்கும். எனவே, மேலே கூடலூர் வாசகருக்குக் கொடுத்த முழு வரியையும் ‘எக்ஸ்போர்ட்’ என்ற சொல்லை முன்னால் வைத்து அந்தச் சாளரத்திலேயே தட்டுங்கள். எல்லாக் கட்டளைகளும் உடனே திரும்பிவரும். பிறகு, ‘நானோ’ மூலம் /ரூட்/.பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்து, தவறான வரியை இப்படி மாற்றுங்கள்: எக்ஸ்போர்ட் பாத்=$பாத்:/ஆப்ட்/புதியநிரல்/பின். ‘பாத்’ இரண்டு இடங்களிலும் பெரிய எழுத்து; சமக்குறியை ஒட்டி இடைவெளி கூடாது; புதிய கோப்புறை கடைசியில் இருக்கட்டும். அதை முன்னால் வைத்தால், அதே பெயருள்ள வேறொரு நிரல் அங்கே இருக்கும்போது, கணினியின் சொந்த நிரலுக்குப் பதிலாக அதுவே இயங்கிவிடும். சேமித்தபின், பழைய சாளரத்தை மூடாமல் புதிதாக ஒன்றைத் திறந்து, ‘எஸ்யு -’ செய்து, ‘எல்எஸ்’ இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கிய பிறகு பழையதை மூடலாம்.